தலைமடையை அடைத்த பிறகுதான் கடைமடை: மூளை ஏ.வி.எம். ஆபரேஷனில் ரத்தத்தைக் காப்பது

மூளைக் கட்டியை எடுக்கும்போதும் ரத்தம் போகும். ஆனால் ஏ.வி.எம்., அதாவது மூளைத் தமனியும் சிரையும் நேரடியாகப் பின்னிக்கொண்ட ரத்தக்குழாய் முடிச்சு, அதன் ஆபரேஷனில் போகிற வேகம் வேறு. உடம்பில் மற்ற எல்லா இடத்திலும் தமனிக்கும் சிரைக்கும் நடுவே தந்துகிகள் என்ற மயிரிழைக் குழாய்கள் இருக்கும். தமனியில் வரும் அழுத்தம் சின்னத் தமனிகளையும் இந்தத் தந்துகிகளையும் கடக்கும்போதுதான் தணியும். ஏ.வி.எம்.-இல் அந்த நடுப்பகுதியே கிடையாது. தமனி நேராக ஒரு முடிச்சுக்குள் நுழைந்து, அங்கிருந்து அதே வேகத்தில் சிரைக்குள் கொட்டுகிறது. முடிச்சில் உள்ள குழாய்களின் சுவர் ஒழுங்காக வளராதது. சிரையின் சுவரோ இந்த அழுத்தத்துக்கு ஏற்பட்டதே அல்ல. ஆபரேஷன் செய்யாவிட்டாலும் ஆண்டுக்குச் சுமார் 2 முதல் 4 சதவீதம் பேருக்கு அது தானாகவே வெடித்து ரத்தம் கசியும். அதற்குள் கத்தியை வைக்கும்போது என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கத்துக் குடும்பங்கள் முதலில் கேட்கும் கேள்வி, "எத்தனை பாட்டில் ரத்தம் வேணும் டாக்டர், சொந்தக்காரங்க எல்லாரும் வந்து குடுக்கட்டுமா?" என்பதுதான். நல்ல மனசு. ஆனால் டர்பன் இருக்கும் குவாசுலு-நாட்டால் மாகாணத்தில் ரத்தம் தருவது தென்னாப்பிரிக்க தேசிய இரத்த சேவை. மேற்கு கேப் மாகாணத்துக்கு மட்டும் தனி அமைப்பு. காசு வாங்காமல் தருகிறவர்களின் ரத்தம் சோதனை முடிந்து பொது இருப்பில் சேர்ந்து, அங்கிருந்துதான் நோயாளிக்கு வரும். நேற்றுக் கொடுத்த மாமாவின் ரத்தம் இன்று மருமகனுக்கு ஏறாது. கொடுக்க நினைக்கிறவர்கள் ஆபரேஷன் தேதியைப் பார்க்காமல், 56 நாளுக்கு ஒரு முறை என்று வழக்கமாகவே கொடுத்துவரலாம். எடை 50 கிலோ இருக்க வேண்டும். ஒரு தடவைக்கு 480 மி.லி. எடுப்பார்கள்.

எத்தனை பாட்டில் என்பதற்கு என் பதில் ஒன்றுதான். அது தியேட்டரில் முடிவாவதில்லை. பெரும்பகுதி அதற்கு முந்தைய ஆறு வாரத்தில் முடிவாகிவிடுகிறது.

ஒரு சின்னக் கணக்கு. பெரியவர்களுக்குக் கிலோவுக்கு 70 மி.லி. ரத்தம் என்று வைத்தால், 60 கிலோ ஆளுக்கு 4200 மி.லி. ஹீமோகுளோபின் 12 இருக்கிறது, 8 வரை இறங்கலாம் என்று அனுமதித்தால், ஏற்றாமலே எவ்வளவு இழக்கலாம்? 12-இலிருந்து 8-ஐக் கழித்து, 12-ஆல் வகுத்து, 4200-ஆல் பெருக்க வேண்டும். 1400 மி.லி. வருகிறது. அதே ஆள் ஹீமோகுளோபின் 9 வைத்துக்கொண்டு மேசையில் படுத்தால்? சுமார் 465 மி.லி. மட்டுமே. ஆபரேஷன் அதே, சர்ஜன் அதே. கையிருப்பு மூன்றில் ஒரு பங்கு. 15 கிலோ குழந்தைக்குக் கிலோவுக்கு 80 மி.லி. என்று எடுத்தாலும் மொத்த ரத்தமே 1200 மி.லி.தான். 300 மி.லி. போனால் கால்வாசி போய்விட்டது. பெரியவருக்கு அது உறிஞ்சு பாட்டிலின் அடியில் கிடக்கும் அளவு.

அதனால் தேதி குறித்த நாளிலேயே ஹீமோகுளோபின், இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் இரண்டையும் பார்க்க வேண்டும். ஃபெரிட்டின் 30-க்குக் கீழே என்றால் இரும்புச்சத்து காலி என்று அர்த்தம். நாலு முதல் ஆறு வாரம் இருந்தால் மாத்திரை போதும்: ஒரு வேளை, வெறும் வயிற்றில், தேநீர் இல்லாமல். அவ்வளவு நேரம் இல்லாவிட்டால் ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸ் என்ற இரும்பு மருந்தைச் சிரை வழியாக, 1000 மி.கி. வரை ஒரே தடவையில் கால் மணி நேரத்தில் ஏற்றிவிடலாம். அதுவும் பலன் காட்ட இரண்டு மூன்று வாரம் பிடிக்கும், முந்தின நாள் ஏற்றிப் பயனில்லை. புரட்டாசி விரதத்தால்தான் ரத்தம் குறைந்தது என்று வீட்டில் பேசிக்கொள்வார்கள். ஒரு மாதம் கறி சாப்பிடாததால் யாருக்கும் ரத்தசோகை வந்துவிடாது. மாதவிடாய் அதிகம் போகும் பெண்களுக்கும், சாப்பாட்டோடு சாப்பாடாகக் கறுப்புத் தேநீர் குடிக்கிறவர்களுக்கும் ஏற்கெனவே இருப்பு குறைவாக இருக்கும். விரதம் அதை வெளியே காட்டும், அவ்வளவுதான்.

மருந்துப் பட்டியலை வீட்டிலிருந்து பையோடு கொண்டுவரச் சொல்வது இன்னொரு வேலை. ஆஸ்பிரின் 7 நாள் முன்பு, குளோபிடோக்ரெல் 5 முதல் 7 நாள் முன்பு, வார்ஃபரின் 5 நாள் முன்பு நிறுத்த வேண்டும். இதயத்தில் ஸ்டென்ட் இருந்தால் இதயநோய் டாக்டரைக் கேட்காமல் எதையும் நிறுத்தக் கூடாது. மீன் எண்ணெய் மாத்திரை, பூண்டு மாத்திரை, மஞ்சள் கேப்சூல் இவற்றை யாரும் மருந்து என்று எண்ணுவதில்லை, அதனால் சொல்வதுமில்லை. கேட்டு வாங்க வேண்டும். ரசத்தில் போடும் பூண்டைப் பற்றிக் கவலை வேண்டாம்.

பலரும் தவறவிடுவது வலிப்பு மருந்தை. ஏ.வி.எம். உள்ளவர்களில் நிறையப் பேர் வலிப்போடுதான் முதலில் வருகிறார்கள். இங்கே எபிலிம் என்ற பெயரில் கிடைக்கும் சோடியம் வால்ப்ரோயேட் நல்ல மருந்துதான். ஆனால் அது தட்டணுக்களைக் குறைக்கும், ரத்தம் உறைய உதவும் புரதங்களான ஃபைப்ரினோஜெனைக் குறைக்கும், வான் வில்லிபிராண்ட் காரணியையும் கெடுக்கும். தட்டணு எண்ணிக்கை சரியாக இருந்தும் ரத்தம் உறையாமல் கசிகிற நோயாளி மேசையில் கிடந்தால், மருந்துச் சீட்டில் எபிலிம் இருக்கிறதா என்று பாருங்கள். முன்கூட்டியே நரம்பியல் டாக்டரோடு பேசி லெவெடிராசெட்டம் என்ற வேறு வலிப்பு மருந்துக்கு மாற்றிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை. மாற்றுவதைச் சில வாரம் முன்பே தொடங்க வேண்டும். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வந்து, பிரஷர் ஏறி, முடிச்சே வெடிக்கலாம்.

ஏற்கெனவே வெடித்து வந்தவர்களுக்கு அவசரப்படாமல் இருப்பதும் ரத்தத்தைக் காக்கும் வழிதான். உறைகட்டி பெரிதாகி உயிருக்கு ஆபத்து என்றால் அதை மட்டும் எடுத்துவிட்டு, முடிச்சைத் தொடாமல் வெளியே வருவார்கள். நான்கு முதல் ஆறு வாரம் கழித்து மூளை வீக்கம் வடிந்து, உறைகட்டி கரைந்து குழியாகியிருக்கும். அந்தக் குழியே சர்ஜனுக்கு வழி அமைத்துக் கொடுக்கும்.

யாருக்கு ஆபரேஷன், யாருக்கு வேண்டாம் என்பதற்கு 1986-இல் வந்த ஸ்பெட்ஸ்லர்-மார்ட்டின் தரவரிசை இன்றைக்கும் ஓடுகிறது. முடிச்சின் அளவு 3 செ.மீ.க்குள் என்றால் 1 புள்ளி, 3 முதல் 6 வரை 2, அதற்கு மேல் 3. பேச்சு, கைகால் அசைவு, பார்வை போன்ற முக்கியப் பகுதியில் இருந்தால் 1 கூட்டு. ஆழ்ந்த சிரைக்குள் வடிந்தால் இன்னொரு 1. கூட்டுத்தொகை 1, 2 என்றால் பெரும்பாலும் கத்தி. 4, 5 என்றால் பெரும்பாலும் தொடாமல் இருப்பதே மேல். 3 என்றால் ஆளைப் பார்த்து. வெடிக்காத ஏ.வி.எம்.-களைப் பற்றி 2014-இல் வந்த அருபா ஆய்வில், கை வைத்தவர்களைவிட மருந்தோடு கண்காணிப்பில் இருந்தவர்கள் நன்றாக இருந்தார்கள். பின்தொடர்ந்த காலம் மூன்று வருஷம்கூட இல்லை என்று சர்ஜன்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள். சண்டையில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் வெடிக்காத ஒன்றை அவசரமாக அறுப்பதற்கு முன் அந்த ஆய்வை ஒருமுறை நினைத்துப் பார்ப்பது நல்லது. கதிர்வீச்சு சிகிச்சையில் ரத்தமே போகாது, ஆனால் முடிச்சு மூட இரண்டு மூன்று வருஷம் ஆகும். அதுவரை வெடிக்கும் அபாயம் அப்படியே.

இனி எம்போலைசேஷன். தொடை வழியாகவோ மணிக்கட்டு வழியாகவோ மெல்லிய குழாயை மூளைத் தமனிக்குள் ஏற்றி, பசை விட்டு அடைப்பது. ஒனிக்ஸ் என்ற கறுப்புத் திரவம் 2005-இல் அமெரிக்காவில் இதற்கென அனுமதி பெற்றது. டி.எம்.எஸ்.ஓ. கரைப்பானில் கரைந்த பாலிமர், அதோடு எக்ஸ்ரேயில் தெரிவதற்காக டான்டலம் தூள். தூள் அடியில் தங்கிவிடும் என்பதால் குப்பியை 20 நிமிடம் குலுக்க வேண்டும். அவசரத்தில் இதைக் குறைத்தால் பசை போவது திரையில் தெரியாது, எங்கே போகிறது என்று தெரியாமலே அழுத்திக்கொண்டிருப்பார்கள். கரைப்பானை வேகமாகத் தள்ளினாலும் தமனி இறுகிப் புண்ணாகும்.

இதில் ஒரு பொதுவான தப்பெண்ணம் உண்டு. எத்தனை தமனி அடைத்தோம் என்பது முக்கியம் என்று நினைக்கிறார்கள். எதை அடைத்தோம் என்பதுதான் முக்கியம். மேற்பரப்பில், மண்டையைத் திறந்ததும் கண்ணுக்குத் தெரிகிற தமனியைச் சர்ஜன் இரண்டு நிமிடத்தில் கிளிப் போட்டு முடித்துவிடுவார். அதற்காக எம்போலைசேஷன் ஆபத்தை வாங்க வேண்டாம். முடிச்சின் அடிப்பக்கத்தில், சர்ஜன் கடைசியில்தான் எட்டக்கூடிய இடத்தில் வருகிற ஆழ்ந்த தமனிகள், முடிச்சுக்குள்ளேயே இருக்கும் சின்ன அனியூரிசம்கள் (குழாய்ச் சுவரின் புடைப்புகள்), இவற்றை அடைத்துக் கொடுத்தால் அதுதான் உண்மையான உதவி. பெரிய முடிச்சை ஒரே நாளில் முழுசாக அடைக்கவும் கூடாது. பல வருஷமாக ரத்தம் குறைவாகக் கிடைத்துப் பழகிய சுற்றுப்புற மூளைக்கு ஒரே நேரத்தில் முழு அழுத்தம் போய்ச் சேரும். அங்குள்ள குழாய்கள் தாங்காமல் வீங்கும், கசியும். 1978-இலேயே ஸ்பெட்ஸ்லர் இதை விவரித்துவிட்டார். அதனால் ஒன்றிரண்டு வாரம் இடைவெளி விட்டு, தவணை தவணையாக. கடைசித் தவணை முடிந்த சில நாட்களுக்குள் ஆபரேஷன். தள்ளிப்போட்டால் புதுத் தமனிகள் வழி கண்டுபிடித்துவிடும். பசை சிரைப் பக்கம் நழுவினால் தியேட்டரை உடனே தயார் செய்ய வேண்டியிருக்கும். வழி மூடிய முடிச்சு வெடிக்கக் காத்திருக்கும்.

தியேட்டருக்குள். குறுக்குப் பொருத்தம் பார்த்த சிவப்பணு குறைந்தது 4 பை, தியேட்டரில் உள்ள ஃபிரிட்ஜில் இருக்க வேண்டும், ரத்த வங்கியில் அல்ல. பொருத்தம் பார்க்க முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். உறைந்த பிளாஸ்மாவைக் கரைக்க அரை மணி நேரம். முடிச்சு வெடித்த பிறகு போன் செய்தால் இந்த நேரம் கையில் இருக்காது. கையில் இரண்டு தடித்த ஊசி, 14 அல்லது 16 கேஜ். தமனியில் பிரஷர் லைன், அழுத்தத்தை அளக்கும் அதன் டிரான்ஸ்டியூசர் காது மட்டத்தில். தலை உயர்ந்திருக்கும்போது டிரான்ஸ்டியூசரை நெஞ்சு மட்டத்தில் விட்டால் மூளையில் உள்ள அழுத்தத்தைவிடத் திரை அதிகமாகக் காட்டும்.

தலையை 15 முதல் 30 டிகிரி உயர்த்துங்கள். கழுத்தைத் திருப்புவதில் கவனம் வேண்டும். தாடைக்கும் மார்பெலும்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். கழுத்துச் சிரை மடங்கினால் மூளை முழுக்கச் சிரை ரத்தம் தேங்கி, வெட்டிய இடமெல்லாம் ஊறும். சர்ஜன் ஒரு மணி நேரம் கசிவோடு போராடிய பிறகு யாராவது போர்வையைத் தூக்கிக் கழுத்தைப் பார்ப்பார்கள். அதிகமாக உயர்த்தினால் திறந்த சிரை வழியே காற்று உள்ளே போகும். மூச்சில் வெளிவரும் கார்பன் டை ஆக்சைடு சட்டென்று விழுவதுதான் பெரும்பாலும் முதலில் தெரியும் அறிகுறி.

தலையை அசையாமல் பிடிக்கும் ஆணிப்பிடியைத் தலையோட்டில் இறுக்கும் அந்த அரை நிமிடத்தில் பிரஷர் எகிறும். ஆணி போகும் இடங்களில் மரப்பு மருந்தான லிக்னோகைன், இறுக்குவதற்கு ஒரு நிமிடம் முன்பு வலியை அடக்கும் ரெமிஃபென்டனில். தோலை வெட்டும் முன் 2 லட்சத்துக்கு 1 அட்ரினலின் கலந்த லிக்னோகைனை ஊசி போட்டு, ஏழெட்டு நிமிடமாவது காத்திருக்க வேண்டும். ஊசி போட்ட கையோடு கத்தியை எடுத்தால் போட்டது வீண். பெரிய வெட்டில் தோல் விளிம்பிலிருந்தே கணிசமான ரத்தம் யாரும் கவனிக்காமல் போர்வைக்குள் வடியும். குழந்தைகளில் இது மட்டுமே ஒரு பை ஏற்ற வைக்கும்.

மூளை தளர்ந்திருக்க மானிட்டால் கிலோவுக்கு 0.5 கிராம், 60 கிலோவுக்கு 20 சதவீதக் கரைசலில் 150 மி.லி., எலும்பைத் திறக்கும்போது தொடங்கி. உறைந்த ரத்தம் கரையாமல் காக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம் 1 கிராமை 10 நிமிடத்தில், பிறகு 8 மணி நேரத்தில் இன்னொரு கிராம். ஏ.வி.எம்.-க்கென்று தனியாகப் பெரிய ஆய்வு இல்லாமலே விபத்துக் காய ஆய்வுகளின் அளவை எடுத்துக் கையாள்கிறோம். அளவை ஏற்றினால் வலிப்பு வரும். ஏற்கெனவே வலிப்புள்ளவருக்குக் கூடுதல் கவனம். உடம்புச் சூடு 36-க்குக் கீழே இறங்கவிடாதீர்கள். குளிர்ந்த ரத்தம் சரியாக உறையாது. ஸ்டார்ச் வகைத் திரவங்களைத் தொடவே வேண்டாம், அவையும் உறைதலைக் கெடுக்கும்.

அறுக்கும் வரிசையில்தான் எல்லாம் இருக்கிறது. தமனிகள் முதலில், முடிச்சைச் சுற்றிச் சுற்றி இறங்குவது அடுத்து, வடிகால் சிரை கடைசியில். தலைமடையை அடைக்காமல் கடைமடையை அடைத்தால் வயல் என்ன ஆகுமோ அதுதான் இங்கேயும். சிக்கல் என்னவென்றால், திறந்ததும் எது தமனி, எது சிரை என்று கண்ணால் சொல்ல முடியாது. தமனி ரத்தம் ஓடுவதால் சிரையும் சிவப்பாகத்தான் இருக்கும். இண்டோசயனின் பச்சை என்ற சாயத்தைக் கிலோவுக்கு 0.2 முதல் 0.5 மி.கி. வரை ஊசி போட்டு மைக்ரோஸ்கோப்பின் அகச்சிவப்பில் பார்த்தால், முதலில் ஒளிர்வது தமனி, அடுத்து சிரை. தமனிகள் ஒவ்வொன்றாக மூடப்பட மூடப்பட அந்தச் சிவப்புச் சிரை மெல்ல ஊதாவாகி, பிறகு நீலமாகும். நிறம் மாறும் வரை அதைத் தொடக் கூடாது. மாறியது போலத் தெரிந்தாலும் முதலில் தற்காலிக கிளிப் போட்டு ஒன்றிரண்டு நிமிடம் பார்க்க வேண்டும். முடிச்சு உப்பினால் இன்னும் எங்கோ தமனி உயிரோடு இருக்கிறது; கிளிப்பை எடுத்துவிட்டுத் தேடுங்கள்.

குழாயை மின்சாரத்தால் சுட்டு அடைக்கும் பைபோலார் இடுக்கி ஒட்டிக்கொள்வதால் போகும் ரத்தம் கொஞ்சமல்ல. முனையில் கருகல் படிந்தால் குழாயோடு ஒட்டும், இழுக்கும்போது குழாய் கிழியும். சக்தியைக் குறைவாக வைத்து, தண்ணீர் சொட்டவிட்டு, இரண்டு இடுக்கியை மாற்றி மாற்றிப் பயன்படுத்த வேண்டும்: ஒன்று சர்ஜன் கையில், மற்றொன்றை நர்ஸ் ஈரத்துணியில் துடைத்துத் தயாராக. குழாயை ஒரு புள்ளியில் சுட்டு வெட்டக் கூடாது. சில மில்லிமீட்டர் நீளத்துக்குச் சுட்டு, பாதி வெட்டி, கசிகிறதா என்று பார்த்து, பிறகு மீதி.

அடியில் வெண்பொருளுக்குள் இருக்கும் நுண்தமனிகள்தான் உண்மையான எதிரி. காகிதம் போன்ற சுவர், உள்ளே வேகமான ஓட்டம். சுட்டால் சுருங்காமல் வெடிக்கும். அறுந்தால் மூளைக்குள் பின்வாங்கி, அங்கேயே ரத்தம் கொட்டும். இங்கே நுண்கிளிப்தான் முதல் தேர்வு. கிளிப் போட இடமில்லாவிட்டால் குழாயோடு சுற்றியுள்ள கொஞ்சம் மூளைத் திசுவையும் சேர்த்துப் பிடித்துச் சுட வேண்டும். வெறும் குழாயைச் சுடுவதைவிட அது நன்றாக அடைபடும்.

திடீரென்று பீறிட்டால் பஞ்சை வைத்து அடைக்கவே கூடாது. மேலே நின்றதுபோலத் தெரியும். உள்ளே ரத்தம் மூளைக்குள்ளோ மூளை அறைக்குள்ளோ போய்க்கொண்டிருக்கும். பெரிய உறிஞ்சுகுழாயால் இடத்தைத் தெளிவாக்கி, ரத்தம் வரும் ஒரே புள்ளியைக் கண்டுபிடித்து, அதில் சின்னப் பஞ்சு வைத்து லேசாக உறிஞ்ச வேண்டும். அந்தச் சில நிமிடத்துக்கு மயக்க மருந்து டாக்டர் சராசரி பிரஷரை 60 பக்கம் இறக்கிக் கொடுக்கலாம், மணிக்கணக்கில் அல்ல. மூளை வீங்கிக்கொண்டே வெளியே வந்தால் மூன்றைத் தேடுங்கள்: விடுபட்ட முடிச்சு, அடைபட்ட சிரை, ஆழத்தில் சேரும் உறைகட்டி.

இழப்பைக் கண்ணால் மதிப்பிடுவதை நம்பாதீர்கள். கழுவிய உப்புநீரின் அளவை நர்ஸ் வெள்ளைப்பலகையில் எழுதிக்கொண்டே வர வேண்டும். உறிஞ்சு பாட்டிலில் 1800, கழுவியது 1200 என்றால் ரத்தம் 600 மி.லி. துணியை நிறுத்துப் பார்க்க வேண்டும். உலர்ந்த எடை 15 கிராம், நனைந்தது 65 கிராம் என்றால் 50 மி.லி. இழப்பு 1 லிட்டரைத் தாண்டும்போதே ஃபைப்ரினோஜென் பார்க்க அனுப்புங்கள்; லிட்டருக்கு 1.5-க்கும் 2 கிராமுக்கும் நடுவே இறங்கியதும் ஏற்றத் தொடங்கலாம். தட்டணு 1 லட்சத்துக்கு மேல், அயனி கால்சியம் 1.0-க்கு மேல் இருக்கட்டும். ரத்தம் உறையாமல் இருக்கப் பைகளில் சேர்க்கும் சிட்ரேட் கால்சியத்தைக் கட்டிவிடும். நாலு பை ஏற்றியும் கால்சியம் பார்க்காதவர்களுக்குத்தான் ஏன் உறையவில்லை என்று புரியாமல் போகும். செல் சேவர் இருந்தால் போன ரத்தத்தைக் கழுவித் திருப்பி ஏற்றலாம். ஆனால் த்ராம்பினோ, கொலாஜன் தூளோ, ஹைட்ரஜன் பெராக்ஸைடோ போட்ட நேரத்தில் உறிஞ்சுகுழாயை வேறு பாட்டிலுக்கு மாற்ற வேண்டும். இதைச் சத்தமாகச் சொல்வதற்கென்று ஒரு ஆளை முன்பே நியமித்துக்கொள்ளுங்கள்.

தையல் போடும் முன் பிரஷரை இயல்புக்குக் கொண்டுவந்து, சிலநேரம் கொஞ்சம் மேலேயும் ஏற்றி, குழி வறண்டிருக்கிறதா என்று ஐந்து பத்து நிமிடம் பார்ப்பது நல்ல வழக்கம். அங்கே சொட்டுகிற ஒரு புள்ளி இருந்தால் பெரும்பாலும் அது விடுபட்ட முடிச்சின் துண்டு. பசைப்பொடி தூவி மூடிவிடக் கூடாது. இருமாமல் எழுப்ப வேண்டும். அடுத்த 24 முதல் 48 மணி நேரம் சிஸ்டாலிக் (பிரஷரின் மேல் எண்) 120-க்குக் கீழே, பிரஷரை இறக்கும் லாபெடலாலோ நிகார்டிபினோ ஓடிக்கொண்டிருக்கட்டும். ஐ.சி.யூ. வாசலில் காத்திருக்கும் அம்மாவும் அக்காவும் ஏன் உள்ளே விடவில்லை என்று கோபப்படுவார்கள். அழுதுகொண்டே கையைப் பிடித்தால் நோயாளியின் பிரஷர் 150-க்குப் போகும் என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

முடிச்சு முழுசாகப் போனதை ஆஞ்சியோகிராம்தான் உறுதி செய்யும், ஆபரேஷன் முடிந்த சில நாளுக்குள். துளி மிச்சம் இருந்தாலும் வெடிக்கும் அபாயம் குறைவதில்லை. உடனே திரும்பத் திறப்பதே பெரும்பாலும் சரி. குழந்தைகளுக்கு அந்த ஒரு ஆஞ்சியோகிராம் மட்டும் போதாது. முழுசாக எடுத்த பிறகும் வருஷங்கள் கழித்துத் திரும்ப வளர்ந்த குழந்தைகள் உண்டு. ஒரு வருஷத்தில் மறுபடி ஒன்று, பிறகு பதினெட்டு வயதை ஒட்டி இன்னொன்று என்று இப்போதே கோப்பில் தேதி குறித்து வைத்துவிட வேண்டும்.